சிதைந்த இடத்தில் புள்ளி: நேரில் பார்த்திராத ஓர் ஆசிரியரை நினைவுகூர்ந்தபோது நடந்தவை

பதிவின் நோக்கம்

இழவு வீட்டுக்குப் போய் விசாரித்து வருவதைத் திருநெல்வேலிப் பக்கம் துட்டி கேட்பது என்போம். துட்டிக்குப் போக ஒரு வீடு வேண்டும். வாசலில் உட்கார்ந்திருப்பவர்களில் யாருடைய கையைத் தொட்டுத் துக்கம் விசாரிப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் எங்களுக்குக் கல்வெட்டு படிக்கக் கற்றுக்கொடுத்தவர் 2024 மாசி மாதத்தில் காலமானார். அவருடைய வீட்டை எங்களில் ஒருவரும் பார்த்ததில்லை. முகம் தெரியாது, குரலும் தெரியாது. கைப்பேசியில் அவர் எழுதி அனுப்பிய எழுத்துகள் மட்டுமே தெரியும்.

அந்தத் துக்கத்தில் நாங்கள் செய்த ஒரு காரியம் அவருடைய குடும்பத்தைப் புண்படுத்தியது. அது எப்படி நேர்ந்தது, அதன்பின் என்ன செய்தோம், எதைச் சரிசெய்ய முடியாமலே போனது என்பதை வரிசையாக எழுதுகிறேன். இணையத்தில் மட்டும் பழகிய ஆசிரியரை இழப்பவர்கள் இனி நிறைய இருப்பார்கள். அவர்களில் சிலருக்காவது இது உதவ வேண்டும். சம்பந்தப்பட்ட எவருடைய பெயரும் இதில் இல்லை. ஆசிரியரின் மகள் படித்துப் பார்த்து, ஆசிரியரின் சகோதரிக்கு வாசித்துக் காட்டி, இருவரும் சம்மதித்த பிறகே இதை வெளியிடுகிறேன்.

பின்னணி

2018 அக்டோபரில் தாமிரபரணி மகா புஷ்கரம் நடந்தது. அதற்காகப் படித்துறைகளைக் கழுவிச் சுத்தம் செய்தபோது, சேரன்மகாதேவிக்கு மேற்கே ஒரு துறையில் பாசி நீங்கிய படிக்கல்லில் எழுத்து தெரிந்தது. எங்களில் ஒருவர் அதைப் படமெடுத்து, பழமையில் ஆர்வமுள்ள சிலர் இருந்த கைப்பேசிக் குழுவில் போட்டு, “இது என்ன மொழி?” என்று கேட்டார்.

இருபது நிமிடத்தில் அறிமுகமில்லாத எண்ணிலிருந்து விடை வந்தது. “தமிழ்தான். கல்லைத் தலைகீழாகப் பதித்திருக்கிறார்கள். மூன்றாம் வரியில் ‘நிலம் இரண்டு மா’ என்று இருக்கிறது. மற்றவை தேய்ந்துவிட்டன.” படத்தைத் திருப்பி அனுப்பட்டுமா என்று நண்பர் கேட்டார். “வேண்டாம், எனக்கு இப்படியே தெரிகிறது” என்று பதில் வந்தது. அந்தப் பதிலை அன்று நாங்கள் வியந்துவிட்டு மறந்துவிட்டோம். அதில்தான் அவருடைய வாழ்க்கையே இருந்தது என்பது ஐந்தரை ஆண்டு கழித்துத் தெரிந்தது.

படிக்கக் கற்றுத்தர முடியுமா என்று கேட்டோம். ஆறு பேர் சேர்ந்தோம். அரசுப் பள்ளி ஆசிரியரான நான், தபால் துறையில் பணிபுரியும் நண்பர், குளத்துப் பாசனத்தில் நெல் பயிரிடும் விவசாயி, மருந்துக்கடை வைத்திருப்பவர், கணினி பழுதுபார்ப்பவர், அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மாணவி. அவரை ஐயா என்று அழைத்தோம். அவர் எங்களைத் தம்பி என்றும், மாணவியை அம்மா என்றும் எழுதுவார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: பேச அழைக்கக் கூடாது, எழுத மட்டும்தான் வேண்டும். காரணம் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அவர் கற்பித்த முறை

முதல் மூன்று மாதம் கல்லின் அருகிலேயே போகவிடவில்லை. இன்றைய தமிழ் எழுத்தைப் பழைய கண்ணோடு பார்க்கச் சொன்னார். கல்வெட்டில் பெரும்பாலும் புள்ளி கிடையாது. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் எழுத்தில் தெரியாது. ஆகாரத்துக்கு நாம் இடும் காலும் (ா) ரகரமும் ஒரே வடிவம். ‘இராசராசன்’ என்று நாம் எழுதுவது அங்கே ‘இரரசரரசன’ என்று நிற்கும். அதை முதன்முதலில் பார்த்த மாணவி, வெட்டியவர் தவறு செய்துவிட்டார் என்று எழுதினார். “வெட்டியவர் சரியாகத்தான் வெட்டியிருக்கிறார், அம்மா. எது கால், எது ரகரம் என்று படிப்பவருக்குத் தெரியும் என்று நம்பி வெட்டியிருக்கிறார்” என்று பதில் வந்தது. ஒருவரையும் கடிந்து அவர் எழுதியதில்லை.

படமெடுக்கும் முறையைப் பற்றி மட்டும் இருபது செய்திகளுக்கு மேல் இருக்கின்றன. உச்சி வெயிலில் எடுக்கக் கூடாது. வெயில் சாய்ந்து விழும் காலையிலும் மாலையிலும்தான் வெட்டுக்குள் நிழல் இறங்கும். இரவில் டார்ச் விளக்கைக் கல்லுக்கு நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் படுக்கவைத்துப் பிடிக்க வேண்டும். சாக்பீஸ் தேய்க்கக் கூடாது, எண்ணெய் தடவக் கூடாது, பாசியை ஆணியால் சுரண்டக் கூடாது. மெல்லிய பிரஷ்ஷும் தண்ணீரும் போதும். மைப்படி எடுக்க ஆசைப்பட்டோம். ஈரக் காகிதத்தைக் கல்லில் ஒட்டி, பிரஷ்ஷால் அடித்து எழுத்துக் குழிகளுக்குள் இறக்கி, மேலே மை ஒற்றினால் எழுத்து வெள்ளையாகவும் சுற்றிலும் கறுப்பாகவும் வரும். அதற்கு முறையான அனுமதியும் பழகிய கையும் வேண்டும் என்று சொல்லி, கடைசிவரை எங்களைப் படத்தோடு நிறுத்திவிட்டார்.

பாடமாக அவர் எடுத்துக்கொண்ட பெரிய சாசனம், வரகுண பாண்டியனின் அம்பாசமுத்திரக் கல்வெட்டு. வட்டெழுத்தில் அமைந்தது. அம்பாசமுத்திரம் அதில் முள்ளிநாட்டு இளங்கோக்குடி. இறைவனுக்கு நான்கு காலமும் திருவமுது படைக்க மன்னன் 290 காசு கொடுக்கிறான். சபையார் முதல் கெடாமல் பொலியை, அதாவது வட்டியை, மட்டும் கொண்டு ஆண்டுக்கு 580 கலம் நெல் அளக்க வேண்டும். காசுக்கு இரண்டு கலம். எங்களில் ஒருவர் 280 என்று படித்துவிட்டார். ஐயா அதைத் திருத்தவில்லை. “காசை இரண்டால் பெருக்கிப் பாருங்கள், நெல்லோடு ஒத்துப்போகிறதா?” என்று மட்டும் கேட்டார். எழுத்து தேய்ந்திருந்தாலும் கணக்கு தேயாது என்பதை அன்று கற்றோம். முதலைத் தொடாமல் வட்டியில் தர்மம் நடத்துவதற்கு ஆயிரம் ஆண்டுக்கு முன் எங்கள் ஆற்றங்கரையில் இத்தனை நேர்த்தியான ஏற்பாடு இருந்தது என்பது, அதே ஊரில் கூட்டுறவு வங்கிப் படியேறி இறங்கிய எனக்கு அதுவரை தெரியாது.

இந்தப் பதிவுக்கு மிக முக்கியமானது 2020ஆம் ஆண்டுக் கோடையில் நடந்தது. ஊரடங்கால் எல்லாரும் வீட்டில் இருந்த காலம். விவசாய நண்பர் தம் குளத்தின் உள்ளே தண்ணீர் வற்றியபோது வெளிப்பட்ட மடைத்தூண் ஒன்றைப் படமெடுத்து அனுப்பினார். நான்கு வரி. மூன்று வரியும் நீரில் ஊறிக் கரைந்திருந்தன. கடைசி வரியில் ‘செய்வித்தான்’ என்பது மட்டும் பளிச்சென்று இருந்தது. செய்வித்தவன் பெயர் இருந்த இடம் வழுவழுவென்று ஆகிவிட்டது. எங்களில் ஒருவர், அந்த ஊர்க் கோயிலோடு தொடர்புள்ள ஒரு பழைய தலைவரின் பெயரை அந்த இடத்தில் நிரப்பி வாசித்தார். எழுத்தெண்ணிக்கை ஏறக்குறையப் பொருந்தியது. ஊரில் செய்தி பரவி, பெயர்ப்பலகை வைக்கும் பேச்சு வரை போய்விட்டது.

ஐயாவின் பதில் இது: “ஊராருக்கு ஒரு பெயர் வேண்டும் என்பது புரிகிறது. கல்லில் இல்லாததைக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை. சிதைந்த இடத்தில் புள்ளி வையுங்கள். எத்தனை எழுத்து போயிருக்கும் என்று அளந்து பார்த்து அத்தனை புள்ளி. ஐயமாகத் தெரிவதைச் சதுர அடைப்புக்குள் போடுங்கள். நமக்குப் பின்னால் நம்மைவிட நன்றாகப் பார்ப்பவர் வருவார். அவருக்கு இடம் விட்டு வையுங்கள்.”

பெயர்ப்பலகை வைக்கவில்லை. பதிவேட்டில் ஏழு புள்ளிகள் வைத்தோம்.

அவரைப் பற்றித் தெரிந்தவையும் ஊகித்தவையும்

எங்களுக்கு உறுதியாகத் தெரிந்தவை மூன்று. அவருக்குச் சொந்த ஊர் தாமிரபரணிக் கரையில். பல ஆண்டுகளாக அந்தப் பக்கம் வரவில்லை. இப்போது வடக்கே வசிக்கிறார். பேச்சின் நடுவே திடீரென்று, “கன்னடியன் காலில் தண்ணீர் திறந்துவிட்டார்களா?”, “கல்லிடைக்குறிச்சி ஸ்டேஷனுக்கு வெளியே இன்னும் மருத மரம் நிற்கிறதா?” என்று கேட்பார். கன்னடியன் கால் என்பது எங்கள் பக்கத்துப் பாசனக் கால்வாய். நாங்கள் படமெடுத்து அனுப்புவோம். “நன்றி” என்று ஒரு சொல் வரும்.

மற்றவையெல்லாம் ஊகம். இவ்வளவு தெரிந்தவர் ஓய்வுபெற்ற பேராசிரியராகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டோம். அவருடைய எண்ணில் முகப்புப் படமாக, தடித்த கண்ணாடி அணிந்த முதியவர் ஒருவரின் மங்கிய கறுப்பு வெள்ளைப் படம் இருந்தது. அது அவர்தான் என்று நினைத்தோம். வேறு தடயங்களும் இருந்தன, அவற்றை நாங்கள் படிக்கவில்லை. திருத்திய வாசிப்பை அனுப்பச் சொல்லும்போதெல்லாம் “ஒரு புரூஃப் போட்டு அனுப்புங்கள்” என்பார். ஒருமுறை ஒரு கல்வெட்டின் எழுத்தளவைப் பற்றி, “கீழ்வரி இரண்டு பாயிண்ட் சிறிதாக இருக்கிறது, இடம் போதாமல் நெருக்கியிருக்கிறார்” என்று எழுதினார்.

வெள்ளமும் அதன் பிறகும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த மழையைப் பற்றி விரிவாகச் சொல்லத் தேவையில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவானது. தாமிரபரணி கரை புரண்டு திருநெல்வேலி ஜங்ஷன், சிந்துபூந்துறை, கைலாசபுரம் பகுதிகளில் வீடுகளுக்குள் புகுந்தது. எங்கள் பாடங்கள் முழுவதையும் சேமித்து வைத்திருந்த கணினி சிந்துபூந்துறையில் ஒரு தரைத்தள வீட்டில் இருந்தது. தண்ணீர் வடிந்தபின் அதைத் திறந்தபோது உள்ளே ஒரு விரல் கனத்துக்கு வண்டல். 2018, 2019ஆம் ஆண்டுப் பாடங்களுக்கு எங்களிடம் வேறு பிரதி இல்லை. பழைய கைப்பேசிகளை எல்லாரும் மாற்றியிருந்தோம்.

ஐயாவிடம் சொன்னோம். “உயிர்கள் நலமா?” என்று முதலில் கேட்டார். பிறகு, நினைவில் இருப்பவற்றைத் திரும்ப எழுதுகிறேன் என்றார். டிசம்பர் 24க்கும் ஜனவரி 20க்கும் இடையில் பதினொரு பாடங்களைத் திரும்ப எழுதி அனுப்பினார். அவற்றில் எழுத்துப் பிழைகள் இருந்தன. ஐந்து ஆண்டுகளில் ஒற்றுப்பிழைகூட விடாதவர். சில செய்திகள் அதிகாலை மூன்று மணிக்கு வந்தன. மருந்துக்கடை நண்பர் ஒருவர்தான் ஐயாவுக்கு உடம்புக்கு ஏதோ இருக்கிறது என்று சொன்னார். கேட்டால் சங்கடப்படுவாரோ என்று மற்ற ஐந்து பேரும் தடுத்துவிட்டோம். தடுத்தவர்களில் நானும் ஒருவன்.

ஜனவரி 28 அன்று வந்தது கடைசிச் செய்தி: “மடைத்தூணின் இடது ஓரத்தை மாலை வெயிலில் ஒருமுறை எடுங்கள். அங்கே இன்னும் ஓர் எழுத்து இருக்க வேண்டும்.” குளம் நிறைந்து கிடந்தது. தண்ணீர் இறங்கியதும் எடுக்கிறோம் என்று பதில் எழுதினோம்.

மௌனம்

பிப்ரவரி முழுவதும் எதுவும் வரவில்லை. இதற்கு முன்பும் பத்துப் பன்னிரண்டு நாள் அவர் பேசாமல் இருந்ததுண்டு. மூன்றாம் வாரத்தில் என்ன செய்வது என்று பேசினோம். தபால் துறை நண்பர், ஒருமுறை ஐயா அனுப்பிய பதிவுத் தபாலின் உறையில் அனுப்புநர் ஊர் இருக்கிறது, விசாரிக்கலாம் என்றார். அழைக்கக் கூடாது என்று சொன்னவரைத் தேடிப் போவது அவருடைய சொல்லை மீறுவதாகும் என்று நான் வாதிட்டேன். வேலை நிமித்தம் கிடைக்கும் வழியைச் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்துவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. பெரும்பான்மை என் பக்கம் நின்றது. காத்திருந்தோம்.

பங்குனி இரண்டாம் வாரத்தில் அவருடைய எண்ணிலிருந்தே செய்தி வந்தது. “இந்த எண்ணுக்கு உரியவர் என் தந்தை. காலமாகி 23 நாட்கள் ஆகின்றன. இந்தக் குழுவில் இருப்பவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது. தகவலுக்காக.”

பதினாறாம் நாள் காரியமும் முடிந்திருந்தது.

அவசரத்தில் எழுதிய குறிப்பு

அன்று மாலை நடந்ததை உள்ளபடி சொல்ல வேண்டும். மாணவி தம் வீட்டில் அழுதபோது, “முகம்கூடத் தெரியாத ஆளுக்கா இப்படி அழுகிறாய்?” என்று தாயார் கேட்டிருக்கிறார். விவசாய நண்பர் தலை முழுகுவதா வேண்டாமா என்று தெரியாமல் கிணற்றடியில் நின்றதாகச் சொன்னார். எங்கள் துக்கத்துக்கு முறை சொல்லிக்கொள்ள ஓர் உறவுப்பெயர் இல்லை. பந்தி இல்லை, பாடை இல்லை, போய் உட்கார ஒரு வாசல் இல்லை. அந்த வெறுமையை நிரப்ப எதையாவது செய்தாக வேண்டும் என்ற தவிப்பில், மூன்று மணி நேரத்துக்குள் ஓர் அஞ்சலிக் குறிப்பு எழுதினோம். எழுதியவன் நான். கணினி நண்பர் வடிவமைத்தார்.

அதில் முகப்புப் படத்தில் இருந்த முதியவரின் படத்தைப் போட்டு மாலை வரைந்தோம். ‘ஓய்வுபெற்ற பேராசிரியர்’ என்று எழுதினோம். ‘எண்பது வயதைக் கடந்தவர்’ என்று எழுதினோம். இவற்றைவிடப் பெரிய தவறு ஒன்றும் செய்தேன். 2021இல் ஓர் இரவு அவர் எனக்குத் தனியாக எழுதியிருந்தார்: “ஊரை விட்டு வந்த அன்று அண்ணனிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அதன்பின் சொல்ல அவர் இல்லை.” மனத்தை உருக்கும் வரி என்று நினைத்து அதைக் குறிப்பின் நடுவில் பெரிய எழுத்தில் போட்டேன்.

குறிப்பு ஐந்தாறு குழுக்களுக்குப் போனது. இரண்டே நாளில் நாங்கள் அறியாத ஊர்களிலிருந்தெல்லாம் வருத்தம் தெரிவித்தார்கள். எங்களுக்கு ஆறுதலாக இருந்தது.

மகளின் செய்தி

நான்காம் நாள் மகள் எழுதினார். அவருடைய அனுமதியோடு சில வரிகள்: “நீங்கள் மாலை போட்டிருக்கும் படம் என் அப்பா இல்லை. அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்த போர்மேன். அவர் இறந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அப்பாவுக்கு வயது 71. அவர் பேராசிரியர் இல்லை. சென்னையில் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். அதில் என்ன குறைவு கண்டு மாற்றி எழுதினீர்கள்? பெரியப்பாவைப் பற்றிய வரியை ஊரில் யாரோ அத்தைக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். அத்தை இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.”

சிதைந்த இடத்தில் புள்ளி வைக்கச் சொன்னவருடைய வாழ்க்கையில், தெரியாத இடங்களையெல்லாம் எங்கள் விருப்பம்போல் நிரப்பியிருந்தோம். பெயர்ப்பலகையும் வைத்துவிட்டோம்.

எடுத்த முடிவுகள்

முதலில் குறிப்பை எல்லாக் குழுக்களிலிருந்தும் நீக்கினோம். பகிர்ந்தவர்களிடம் தனித்தனியே கேட்டுக்கொண்டோம். பெரும்பாலோர் நீக்கினார்கள். ஆனாலும் மூன்று வாரம் கழித்து அதே குறிப்பு வேறொருவரிடமிருந்து எனக்கே வந்தது. அனுப்பியதை முழுவதும் திரும்பப் பெற முடியாது என்பதை இந்த நிகழ்வின் தீராத பகுதியாகக் குறித்துக்கொள்கிறேன்.

உடனே திருத்திய குறிப்பு ஒன்றை வெளியிடலாம் என்று கணினி நண்பர் சொன்னார். வேண்டாம் என்று முடிவு செய்தோம். அவசரத்தின் தவறை இன்னோர் அவசரத்தால் திருத்த முடியாது. முதலில் மன்னிப்பு. பிறகு கேட்பது. அவர்கள் சொன்ன பிறகே எழுதுவது. இதில் தபால் துறை நண்பருக்கு முழு உடன்பாடு இல்லை. “அவர் நமக்கும் ஆசிரியர்தானே, நம் நினைவுக்கு நாம் யாரிடம் அனுமதி கேட்பது?” என்றார். அந்தக் கேள்வி நியாயமானது. எங்கள் பாடங்களைப் பற்றி, எங்கள் நன்றியைப் பற்றி எழுத யாருடைய அனுமதியும் தேவையில்லை. அவருடைய வீட்டைப் பற்றி எழுத எங்களுக்கு உரிமை இல்லை. முதல் குறிப்பில் இந்த இரண்டையும் கலந்துவிட்டோம்.

மகளைத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “எங்கள் வீட்டில் என் பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அப்பா எந்நேரமும் போனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார் என்று நான் எவ்வளவோ கோபப்பட்டிருக்கிறேன். அதில் என்ன எழுதிக்கொண்டிருந்தார், சொல்லுங்கள்” என்றார். மடைத்தூணைப் பற்றிச் சொன்னேன். இரரசரரசனைப் பற்றிச் சொன்னேன்.

அவர் சொன்னவற்றில் இரண்டை இங்கே குறிக்க வேண்டும். ஒன்று, தொழில். பதினாறு வயதில் அச்சகத்தில் சேர்ந்திருக்கிறார். அச்சுக்கோப்பவர் ஈய எழுத்துகளை ஸ்டிக் என்னும் கைச்சட்டத்தில் அடுக்கும்போது வரி தலைகீழாகவும், ஒவ்வோர் எழுத்தும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறியும் இருக்கும். அதை அப்படியே படித்துப் பிழை கண்டுபிடிக்க வேண்டும். படித்துறைக் கல்லைத் திருப்பாமலே வாசித்தது அந்தக் கண்தான். கல்வெட்டுப் பாடங்கள் அடங்கிய நூல் ஒன்றைக் கோத்தபோது பிடித்த ஆர்வம் பிறகு விடவே இல்லை. அச்சுக்கோப்பு ஒழிந்தபின் மெய்ப்புப் பார்த்துக் குடும்பத்தை நடத்தியிருக்கிறார்.

இரண்டாவது, கடைசி இரண்டு ஆண்டுகள். ஐயா திங்கள், புதன், வெள்ளி பிற்பகல்களில் தொடர்ச்சியாக நான்கு மணி நேரம் எழுதுவார். அவற்றை வகுப்பு நாட்கள் என்று நாங்கள் சொல்வோம், வேலைகளை ஒதுக்கிவிட்டுக் காத்திருப்போம். அவை அவருக்கு டயாலிசிஸ் நாட்கள். ஒரு கையை அசைக்காமல் ஊசியோடு நீட்டி வைத்துவிட்டு மறு கையால் எழுதியிருக்கிறார்.

இதைக் கேட்ட அன்று குழுவில் யாரும் எதுவும் எழுதவில்லை.

துட்டி

சித்திரையில் மகள் ஊருக்கு வந்தார். அத்தை வீட்டுக்கு வரலாம் என்று அவரே சொன்னார். வீரவநல்லூருக்கு அருகில், கால்வாய்க் கரையை ஒட்டிய ஊர். தென்காசிப் பாசஞ்சரில் ஆறு பேரும் போனோம். கையில் பழம் கொண்டு போவதா கூடாதா என்று வழியெல்லாம் பேசி, வெறுங்கையோடு போவதே முறை என்று முடிவு செய்தோம்.

அந்த அத்தை, எங்களுக்கு ஆச்சி, திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். யார் யார் என்று மகள் சொன்னார். ஆச்சி ஒவ்வொருவர் கையையும் பிடித்துப் பார்த்துவிட்டு, “உங்களிடமெல்லாம் நன்றாகப் பேசுவானா?” என்று கேட்டார். நன்றாகப் பேசுவார், ஆச்சி என்றோம். “என்னிடம் பேசினால் அழுதுவிடுவேன் என்று பேசவே மாட்டான். மாதம் பிறந்தால் பணம் மட்டும் வந்துவிடும்.” அண்ணனைப் பற்றிய வரியை எழுதியவன் நான்தான் என்று சொல்லிக் காலைத் தொட்டேன். ஆச்சி உடனே எதுவும் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, “பெரியவன் சாகிறவரைக்கும் அவன் வருவான் என்று வாசலையே பார்த்துக் கிடந்தான். அதையும் சேர்த்து எழுதியிருந்தால் சரி. அது உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றார்.

மதிய வெயில் ஏறும் வரை இருந்தோம். மருந்துக்கடை நண்பர், ஐயா எழுதிய பாடம் ஒன்றை வாசித்துக் காட்டினார். ஆச்சிக்குக் கல்வெட்டில் அக்கறை இல்லை. “கன்னடியன் காலில் தண்ணீர் திறந்துவிட்டார்களா?” என்ற வரி வந்தபோது மட்டும் நிமிர்ந்து பார்த்து, அதைத் திரும்பப் படிக்கச் சொன்னார். மூன்று முறை படித்தோம். துட்டி வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது என்பதால், சொல்லாமல் எழுந்து வந்தோம்.

செய்திகளை என்ன செய்தோம்

எஞ்சியிருந்த செய்திகள் மூவாயிரத்துக்கு மேல். இரண்டு மாதம் உட்கார்ந்து பிரித்தோம். பாடம் சார்ந்தவற்றை மகளின் சம்மதத்தோடு தொகுத்து அச்செடுத்து, ஒரு பிரதி அவருக்கும் ஒரு பிரதி ஆச்சிக்கும் கொடுத்தோம். தனிப்பட்டவற்றை அவரவர் பெற்றது அவரவரிடமே என்று விட்டுவிட்டோம். குடும்பத்தைக் குறிப்பிடும் செய்திகளை மட்டும் மகளுக்கு அனுப்பி, எங்கள் கைப்பேசிகளிலிருந்து நீக்கினோம். நீக்கியது சரியா என்பதில் எங்களுக்குள் இன்றும் இரண்டு கருத்து உண்டு. எனக்குச் சரி என்றே படுகிறது.

புதிய குறிப்பு ஒரு பக்கம்தான். படம் இல்லை. தொழில் என்ற இடத்தில் அச்சுக்கோப்பு, மெய்ப்பு. கற்பித்தவை என்ற பகுதி நீளமானது. ஊரை விட்டுப் போனதற்கும் எங்களிடம் வந்ததற்கும் இடைப்பட்ட ஆண்டுகளுக்கு ஒரு வரி முழுக்கப் புள்ளிகள். மகள் அதைப் பார்த்துவிட்டு, அப்படியே இருக்கட்டும் என்றார்.

இனி எப்படிச் செய்வோம்

முதலில், உயிரோடு இருக்கும்போதே கேட்போம். “உங்களுக்கு ஒன்று என்றால் யார் எங்களுக்குச் சொல்வார், நாங்கள் யாருக்குச் சொல்வது?” என்று கேட்பது அபசகுனம் இல்லை. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பதும் அத்துமீறல் இல்லை. சொல்ல விருப்பமில்லாதவர் சொல்லாமல் இருந்துகொள்வார். மருந்துக்கடை நண்பரை நாங்கள் தடுத்திருக்கக் கூடாது. பிப்ரவரியில் காத்திருக்கச் சொன்ன என் முடிவும் தவறு என்றே இன்று நினைக்கிறேன். அவர் பேச வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தார், நலம் கேட்டு ஒரு கடிதம் போட வேண்டாம் என்று சொல்லவில்லை. உறையில் இருந்த ஊரும் தெருவும் அவரே எழுதியவை.

மரணச் செய்தி வந்ததும் ஒரே வரியில் தகவல் மட்டும் தெரிவிப்போம். குடும்பத்தோடு பேசும் முன் வயது, தொழில், படம் எதையும் போட மாட்டோம். தனியாகச் சொல்லப்பட்டதை, அது எவ்வளவு அழகான வரியாக இருந்தாலும், வெளியே எடுக்க மாட்டோம். பாடங்களை இரண்டு வேறு ஊர்களில், இரண்டு வேறு வடிவங்களில் வைத்திருக்கிறோம். அவற்றில் ஒன்று காகிதம், மாடியில் இருக்கிறது.

புதிதாகச் சேருபவர்களிடம் இன்னொன்றையும் சொல்லி வைக்கிறோம். இப்படிப்பட்ட இழப்புக்கு வீட்டில் ஆறுதல் கிடைக்காமல் போகலாம். அப்போது அதே ஆசிரியரிடம் படித்தவர்கள் ஓர் இடத்தில் நேரில் கூட வேண்டும், எழுதுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பங்குனி மாலையில் நாங்கள் ஆறு பேரும் ஒரு படித்துறையில் போய் உட்கார்ந்திருந்தால் அந்தக் குறிப்பு எழுதப்பட்டே இருக்காது என்று நம்புகிறேன்.

மடைத்தூண்

ஆனி மாதத்தில் குளம் வற்றியது. விவசாய நண்பர் தகவல் சொன்னதும் போனோம். சேறு காய்ந்து வெடித்திருந்தது. ஐந்தே முக்கால் மணிக்கு வெயில் கரைமேல் இருந்த பனைகளுக்கு இடையே சாய்ந்து தூணின் இடப்பக்கத்தில் விழுந்தது. மாணவி மண்டியிட்டுப் பிரஷ்ஷால் துடைத்து, தண்ணீர் தெளித்தார். ஐயா சொன்ன இடத்தில், இரண்டாம் வரியின் தொடக்கத்தில், ஓர் எழுத்து இருந்தது. பகரமா வகரமா என்று அரை மணி நேரம் பார்த்தோம். மேல்கோடு இருப்பதுபோலவும் இருக்கிறது, இல்லாததுபோலவும் இருக்கிறது.

பதிவேட்டில் ஒரு புள்ளியை அழித்துவிட்டு, அந்த இடத்தில் சதுர அடைப்புக்குள் [வ] என்று எழுதினோம். மீதி ஆறு புள்ளிகள் அப்படியே இருக்கின்றன. படத்தை மகளுக்கு அனுப்பினோம். இது எந்தப் பக்கம் மேல் என்று கேட்டார்.